வடத்தைத் தொடாதவர்களின் தீர்ப்பு

ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டி ஆண்டாவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு கால்வாய். அதன் குறுக்கே குறுகலான மரப்பாலம். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கியபோது, அந்தப் பாலத்தின் வழியாகச் சுமார் 70,000 ஹங்கேரியர்கள் ஆஸ்திரியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும், கிழவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டும், குளிரில் வயல்வெளிகளைக் கடந்தும் வந்தார்கள். நவம்பர் 21ஆம் தேதி பாலம் தகர்க்கப்பட்டது.

அதே மாவட்டத்தில் பார்ன்டோர்ஃப் என்று இன்னோர் ஊர். 2015 ஆகஸ்ட் 27 அன்று அந்த ஊருக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குளிர்பதன லாரி நின்றுகொண்டிருந்தது. கோழி இறைச்சி ஏற்றுவதற்கான வண்டி. ஹங்கேரியிலிருந்து புறப்பட்டு வந்தது. கதவைத் திறந்தபோது உள்ளே 71 உடல்கள் இருந்தன. 59 ஆண்கள், 8 பெண்கள், 4 குழந்தைகள். பெரும்பாலும் சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து தப்பி வந்தவர்கள், காற்றுப் புகாத பெட்டிக்குள் மூச்சடைத்து இறந்துபோயிருந்தார்கள்.

1956இல் ஆஸ்திரியா ஏழை நாடு. நான்கு வல்லரசுகளின் படைகள் வெளியேறி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கே வந்தவர்கள் சுமார் 1,80,000 பேர். யூகோஸ்லாவியாவுக்குப் போனவர்கள் இன்னும் 20,000 பேர். ஐரோப்பிய ஒன்றியம் அன்று இல்லை. பொதுவான தஞ்சச் சட்டம் இல்லை. ஆனாலும் முதல் பத்து வாரங்களுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெவ்வேறு நாடுகளுக்கு ரயிலிலும் விமானத்திலும் பேருந்திலும் அனுப்பிவைக்கப்பட்டார்கள். கடைசியில் 37 நாடுகள் அந்த மக்களைப் பகிர்ந்து ஏற்றுக்கொண்டன. 2015இல் ஐரோப்பா உலகின் மிகச் செல்வமான கூட்டமைப்புகளில் ஒன்று. சட்டமும் நீதிமன்றமும் நிதியும் தலைமையகமும் எல்லாம் இருந்தன. இருந்தும் 71 பேர் லாரிப் பெட்டிக்குள் ஏற வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டு அகதிகள் நெருக்கடியைப் பற்றி இன்று ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்ட கருத்து ஒன்று உண்டு. தீவிர வலதுசாரிகள் மட்டும் சொல்வது அல்ல அது. நடுநிலையாளர்கள் என்று மதிக்கப்படுகிறவர்களும் சொல்கிறார்கள். நம்மில் பலரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். வந்த கூட்டம் எந்தக் கண்டத்தாலும் தாங்கக்கூடியதல்ல. நாடுகள் பகிர்ந்துகொள்ளலாம் என்று முயன்று பார்த்தாயிற்று, அது தோற்றுவிட்டது. ஆகவே எந்த நாட்டில் முதலில் கால் வைக்கிறார்களோ அந்த நாடே பொறுப்பு, மற்றவர்கள் வேலி போட்டுக்கொள்வதுதான் விவேகம். இதுதான் அந்தக் கருத்து.

இதன் ஒவ்வொரு படியும் தவறு என்பதே என் வாதம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். 2015இல் சிலர் வடத்தைப் பிடித்தார்கள். சிலர் பிடித்து விட்டுவிட்டார்கள். சிலர் கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். தேர் பாதி வழியில் நின்றதும், "பார்த்தீர்களா, ஊர் கூடி இழுத்தாலும் தேர் நகராது" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தக் கைகட்டி நின்றவர்கள்தாம். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை.

தாங்க முடியாத கூட்டமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015இல் கடல் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் எட்டரை லட்சம் பேர் துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்கு வந்தவர்கள். அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்கள்தொகை 50 கோடிக்கும் அதிகம். அதாவது ஏற்கெனவே இருக்கும் 500 பேருக்கு ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். 500 பேர் வாழும் ஒரு கிராமத்துக்கு ஒருவர் வந்து இடம் கேட்டால், கிராமமே மூழ்கிவிட்டது என்று சொல்வோமா?

அதே காலத்தில் லெபனானில் பதிவுபெற்ற சிரிய அகதிகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். உள்ளூர்வாசிகள் நான்கைந்து பேருக்கு ஓர் அகதி. துருக்கியில் 2015 இறுதியில் 25 லட்சம் சிரியர்கள் இருந்தார்கள். 28 நாடுகள் சேர்ந்த ஒன்றியம் திணறியதாகச் சொல்லப்படும் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டத்தை ஒற்றை நாடு தாங்கியது. அங்கெல்லாம் எல்லாம் சீராக இருந்தது என்று நான் சொல்லவில்லை. "முடியவே முடியாது" என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் தொலைக்காட்சியில் நாம் பார்த்த நெரிசல் பொய்யா? பொய்யல்ல. லெஸ்போஸ் தீவின் வடகரையில் மோலிவோஸ் ஊருக்கு அருகே, கழற்றி எறியப்பட்ட லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு குன்றாகவே குவிந்து கிடந்தன. ஆரஞ்சு, நீலம், சிவப்பு. இடையிடையே குழந்தைகளுக்கான சின்ன அளவு. அவற்றில் போலிகளும் உண்டு. மிதக்கும் பொருளுக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சும் நுரைப்பஞ்சு வைத்துத் தைத்தவை. துருக்கிக் கரைக்கும் அந்தத் தீவுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அந்த ஆண்டு அந்த ஒரு தீவுக்கு மட்டும் வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். மீனவர்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட்டுப் படகுகளை மீட்கப் போனார்கள். மூதாட்டிகள் பிறர் குழந்தைகளுக்குப் பால் புகட்டினார்கள்.

ஆகவே நெரிசல் உண்மை. ஆனால் அது கண்டத்தின் நெரிசல் அல்ல, வாசற்படியின் நெரிசல். ஆயிரம் பேர் உட்காரக்கூடிய மண்டபத்துக்குள் ஐம்பது பேரை விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்தால் வாசலில் கூட்டம் நெரியத்தான் செய்யும். அதைப் படம்பிடித்து மண்டபம் நிரம்பிவிட்டது என்று சொல்வது உண்மையாகாது.

முதலில் கால் வைத்த மண்

வாசற்படியில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் டப்ளின். ஐரோப்பாவில் தஞ்சம் கேட்ட தமிழர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் கைரேகை விழுந்ததோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தை எத்தனையோ குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன.

டப்ளின் உடன்படிக்கை 1990 ஜூன் 15இல் கையெழுத்தானது. 1997இல் நடைமுறைக்கு வந்தது. 2003இலும் 2013இலும் திருத்தி எழுதப்பட்டது. குடும்பத்தினர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே முதல் அளவுகோல் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் வென்றது கைரேகைதான். 2003 முதல் செயல்படும் யூரோடாக் கைரேகைத் தொகுப்பு, யார் எந்தக் கரையில் ஏறினார் என்பதை நொடியில் காட்டிவிடும்.

இதை நியாயம் என்கிறார்கள். யாருக்கு நியாயம்? போர் மூளும் நாட்டுக்கு அருகே கடற்கரை இருக்கும்படி கிரீஸோ இத்தாலியோ மால்டாவோ கேட்டு வாங்கவில்லை. நாலாபுறமும் பிற ஒன்றிய நாடுகள் சூழ்ந்திருக்கும்படி லக்சம்பர்க் உழைத்துப் பெறவும் இல்லை. வரைபடத்தில் இருக்கும் இடத்தைக் கடமையின் அளவாக்கினால், ஓரத்தில் இருப்பவர்கள் ஏமாளிகள் என்று சட்டமே எழுதிக்கொடுத்ததாக ஆகும். உள்ளே எல்லைச் சுவர்களை இடித்துவிட்டு, சரக்கும் முதலீடும் சுற்றுலாப் பயணியும் தடையின்றிப் போகலாம் என்று ஷெங்கன் ஏற்பாட்டைச் செய்துகொண்டவர்கள், வெளிவாசலில் வருகிறவரை மட்டும் "அது உன் வாசல், உன் பாடு" என்று தள்ளிவிட முடியாது. கூட்டுக்குடும்பத்தில் தெருவாசல் எல்லோருக்கும் பொதுவானது.

இந்தச் சட்டத்தின் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2008இல் கிரீஸ் வழியாக ஐரோப்பாவுக்குள் வந்தார். அங்கே அவரது கைரேகை பதிவானது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் தஞ்சம் கேட்டார். பெல்ஜியம் டப்ளின் விதியைக் காட்டி அவரை ஏதென்ஸுக்கு விமானம் ஏற்றியது. விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்தில் சிறிய இடத்தில் பலரோடு அடைத்துவைக்கப்பட்டார். வெளியே விட்டதும் தங்க இடமில்லாமல் பூங்காவில் படுத்து உறங்கினார். ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011 ஜனவரி 21இல் தீர்ப்பளித்தது: அவரை அந்த நிலையில் வைத்த கிரீஸ் அவரது உரிமைகளை மீறியது, நிலைமை தெரிந்தும் அங்கே அனுப்பிய பெல்ஜியமும் மீறியது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த நாடும் கிரீஸுக்கு யாரையும் டப்ளின் விதிப்படி திருப்பி அனுப்ப முடியவில்லை. அதாவது 2015 நெருக்கடி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிரீஸைப் பொறுத்தவரை இந்த விதி செயலிழந்துவிட்டது. அதற்கு மாற்றாக எதையும் கட்டி எழுப்பாமல் விட்டார்கள்.

சோதித்துப் பார்த்தார்களா?

இப்போது மையமான வாதத்துக்கு வருவோம்: "பகிர்வைச் சோதித்துப் பார்த்தோம், தோற்றுவிட்டது."

2015 செப்டம்பரில் ஒன்றியத்தின் அமைச்சர்கள் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். இத்தாலியிலும் கிரீஸிலும் இருப்பவர்களில் மொத்தம் 1,60,000 பேரை மற்ற நாடுகள் இரண்டு ஆண்டுகளில் பகிர்ந்துகொள்ள வேண்டும். செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாலும் எதிர்த்து வாக்களித்தன. பின்லாந்து வாக்களிக்காமல் ஒதுங்கியது. முடிவு நிறைவேறியது. ஏற்கும் நாட்டுக்குத் தலைக்கு 6,000 யூரோ ஒன்றியமே கொடுக்கும் என்றும் சொல்லப்பட்டது.

முதல் விமானம் அக்டோபர் 9ஆம் தேதி இத்தாலியிலிருந்து ஸ்வீடனுக்குப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் எரித்ரியாவைச் சேர்ந்த 19 பேர். கிரீஸிலிருந்து முதல் விமானம் நவம்பர் 4ஆம் தேதி லக்சம்பர்க்குக்குப் போனது. அதில் 30 பேர். அந்த அக்டோபர் மாதம் மட்டும் கிரேக்கக் கரைகளில் இறங்கியவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். தீயை அணைக்கப் போனவர் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, தண்ணீரால் தீ அணையாது என்று முடிவுகட்டியதைப் போன்றது இது.

திட்டம் முடிந்தபோது உண்மையில் இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 34,700 பேர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஏன்? தஞ்சம் கிடைக்கும் வீதம் ஒன்றிய அளவில் 75 விழுக்காட்டைத் தாண்டிய நாட்டவர்களுக்கு மட்டுமே இத்திட்டம் என்று வரையறுத்தார்கள். போர் ஓயாத ஆப்கானிஸ்தான் மக்கள் தொடக்கத்திலேயே வெளியே நின்றார்கள். 2016 நடுவில் ஈராக்கியர்களும் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். செப்டம்பர் முடிவுக்கு முந்தைய முன்மொழிவில் ஹங்கேரியின் சுமையைக் குறைக்க ஒதுக்கிய 54,000 இடங்களை ஹங்கேரியே வேண்டாம் என்றது. இதை மீண்டும் ஒருமுறை படியுங்கள்: உன்னிடம் இருப்பவர்களில் 54,000 பேரை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றபோது அந்த அரசு மறுத்தது. சுமைதான் கவலை என்றால் அந்தக் கையைப் பற்றியிருக்க வேண்டும். பகிர்வு என்ற கொள்கையே வேரூன்றக் கூடாது என்பதுதான் அதன் கவலையாக இருந்தது.

ஆதரித்து வாக்களித்த போலந்து, ஆட்சி மாறியதும் ஒருவரையும் ஏற்கவில்லை. செக் குடியரசு 12 பேரை ஏற்றது. ஸ்லோவாக்கியா 16 பேரை. ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் நீதிமன்றம் போயின. ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 செப்டம்பர் 6இல் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் கடமை தவறின என்று அதே நீதிமன்றம் 2020 ஏப்ரல் 2இல் தீர்ப்பளித்தது. அப்போது திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

"மக்கள் விரும்பவில்லை, இது இறையாண்மைப் பிரச்சினை" என்பார்கள். ஹங்கேரி 2016 அக்டோபர் 2இல் இதற்காகப் பொதுவாக்கெடுப்பே நடத்தியது. செல்லுபடியான வாக்குகளில் 98 விழுக்காடு அரசு கேட்ட பதிலைத் தந்தது உண்மை. ஆனால் வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் செல்லுபடியான வாக்கை அளிக்காததால் வாக்கெடுப்பே சட்டப்படி செல்லாமல் போனது. அதோடு, ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் 80ஆம் பிரிவு இருக்கிறது. தஞ்சம், எல்லை, குடியேற்றம் ஆகியவற்றில் நாடுகளிடையே ஒற்றுமையும் பொறுப்பின் நியாயமான பங்கீடும், அதன் நிதிச்சுமை உட்பட, இருக்க வேண்டும் என்கிறது அது. இந்த நாடுகள் தாமாகவே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. பின்தங்கிய பகுதிகளை முன்னேற்ற ஒன்றியம் தரும் நிதியில் பெரும்பங்கு பெற்றவையும் இதே நாடுகள். பந்தியில் உட்காரும்போது ஒரே குடும்பம், பாத்திரம் கழுவும்போது தனிக்குடித்தனம் என்பது இறையாண்மை ஆகாது.

வலுவான எதிர்வாதம்

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். அகதியைப் பொருளைப்போல ஓரிடத்தில் வைத்துவிட முடியாது. பால்டிக் நாடுகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் கணிசமானவர்கள் சில மாதங்களில் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அங்கே உறவு இல்லை, மொழி தெரியாது, உதவித்தொகை குறைவு. உண்மைதான்.

ஆனால் இது பகிர்வைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. மனிதரின் உறவையும் மொழியையும் தொழிலையும் கேட்டு ஒதுக்கீடு செய், போய்ச்சேர்ந்த நாளிலிருந்து வேலை செய்யும் உரிமை கொடு, ஒரு நாட்டுக்கு அதிகம் பேர் போனால் அவர்களோடு நிதியையும் அனுப்பு. பகிர்வதற்கு வழி ஒன்று மட்டும் இல்லை. ஆளாகப் பகிரலாம், பணமாகப் பகிரலாம், அலுவலர்களாகவும் மருத்துவர்களாகவும் பகிரலாம். பகிரவே மாட்டேன் என்பது மட்டும் பகிர்வின் வகைகளில் சேராது.

ஸ்வீடனைக் காட்டுவார்கள். ஒரு கோடிப் பேரை எட்டாத நாடு. 2015இல் ஏறக்குறைய 1,63,000 தஞ்ச மனுக்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மூச்சுமுட்டி, கதவைச் சாத்தியது. ஸ்வீடன் சோர்ந்தது ஏன்? வடத்தைப் பிடித்தவர்கள் குறைவாக இருந்ததால் அதன் கை மட்டும் கொப்பளித்தது. அதைப் பகிர்வின் தோல்வி என்று சொல்வது நேர்மையல்ல. பகிராததன் விளைவு அது.

நகரும் வாசல்

இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. வாசற்படி எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

1992இல் யூகோஸ்லாவியப் போர்களின்போது ஜெர்மனிக்கு வந்த தஞ்ச மனுக்கள் நாலு லட்சத்துக்கு மேல். 1994இல் ஜெர்மனிதான் மக்கள்தொகை, பரப்பு, பொருளாதாரம் ஆகியவற்றின் அடிப்படையில் அகதிகளைப் பங்கிடலாம் என்று முன்மொழிந்தது. மற்றவர்கள் மறுத்தார்கள். 2011இல் அரபு எழுச்சிக்குப் பின் இத்தாலிக்குப் பல்லாயிரம் துனிசியர்கள் வந்தபோது இத்தாலி உதவி கேட்டது; பிரான்ஸ் அந்த ஏப்ரலில் எல்லை ஊரான வென்டிமிலியாவில் ரயிலையே நிறுத்தியது. 2013 அக்டோபர் 3இல் லாம்பெதுசா தீவுக்கு அருகே 368 பேர் மூழ்கி இறந்தபின் இத்தாலி மீண்டும் கேட்டது. அப்போது டப்ளின் விதியை மாற்றத் தேவையில்லை என்று சொன்னவர்களில் ஜெர்மனியும் இருந்தது. இத்தாலி தனியாகவே மாதம் ஏறக்குறைய 90 லட்சம் யூரோ செலவில் மாரே நோஸ்ட்ரம் என்ற மீட்புப் பணியை நடத்தி, ஓராண்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேரைக் கரை சேர்த்தது. மற்றவர்கள் பங்கு தராததால் 2014 இறுதியில் அதை நிறுத்தியது. அடுத்த ஏப்ரலில் ஒரே இரவில் 800 பேருக்கு மேல் மூழ்கினார்கள். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஜெர்மனி பகிர்வு கேட்டது. கிழக்கு நாடுகள் மறுத்தன.

2021இல் பெலாரூஸின் அதிபர் லுகாஷென்கோ மத்தியக் கிழக்கு மக்களை வரவழைத்துப் போலந்து, லித்துவேனியா எல்லைகளுக்குத் தள்ளினார். அன்று வாசற்படியில் நின்றது போலந்து. இது எங்கள் எல்லை மட்டுமல்ல, ஐரோப்பாவின் எல்லை என்று அது சொன்னது. அது சரியான சொல்தான். 2015இல் கிரீஸ் சொன்னதும் அதே சொல். இன்று மறுக்கிறவர் நாளை கேட்பவர். முப்பது ஆண்டு வரலாறு இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. பகிர்வு என்பது வடக்கு தெற்குக்குப் போடும் பிச்சை அல்ல. முறைபோட்டு எல்லோர் வாசலுக்கும் வரப்போகிற வெள்ளத்துக்கு எல்லோரும் சேர்ந்து கட்டும் கரை.

முடியும் என்பதற்குச் சாட்சி

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச் 4ஆம் தேதி, ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆன நிலையில், ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் 2001இலேயே, கொசோவோ போரின் பாடத்திலிருந்து எழுதப்பட்டது. 2015இல் அலமாரியில் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இம்முறை எடுத்தார்கள். தனித்தனி விசாரணை இல்லை. முதலில் கால் வைத்த நாடு என்ற கேள்வி இல்லை. விரும்பிய நாட்டில் தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். சுமார் 40 லட்சம் பேர் இந்தப் பாதுகாப்பைப் பெற்றார்கள். 2015இல் கடல் வழி வந்தவர்களைப்போல் நாலு மடங்கு. போலந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேரை ஏற்றது. முன்பு 12 பேரோடு நிறுத்திக்கொண்ட செக் குடியரசு மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றது. அந்த மக்களின் பெருந்தன்மையை நான் மனதார வணங்குகிறேன். அந்தச் செயலே இங்கே என் பக்கத்துச் சாட்சி. இடமில்லை என்ற வாதம் அந்த வாரத்தோடு முடிந்துபோனது.

உக்ரைனியர்கள் அண்டை வீட்டார், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அதனால் ஏற்றோம் என்கிறார்கள். சிரியாவிலிருந்தும் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். அங்கே குண்டு வீசியதும் பெரும்பாலும் ரஷ்யாவின் கூட்டாளியான சிரிய அரசும், பின்னர் அதே ரஷ்ய விமானப்படையும்தான். மீதி இருக்கும் வேறுபாடு நிறமும் மதமும். 2015 ஆகஸ்டில் ஸ்லோவாக்கிய உள்துறையின் செய்தித் தொடர்பாளர் அதை ஒளிக்காமலே சொன்னார்: கிறிஸ்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம், எங்களிடம் மசூதி இல்லை என்று. காரணம் அதுதான் என்றால் அதையே சொல்லி விவாதியுங்கள். கொள்ளளவு, நிர்வாகம், நடைமுறைச் சிக்கல் என்று வேறு பெயர் வைக்காதீர்கள்.

பகிர்வை மறுத்தவர்கள் மாற்றாக எதைக் கொடுத்தார்கள்? காசு கொடுத்து வெளியே நிறுத்தும் ஏற்பாட்டை. 2016 மார்ச் 18இல் துருக்கியோடு 600 கோடி யூரோ பேரம் முடிந்தது. படகுகள் குறைந்தன. ஆனால் தீவுகளிலிருந்து யாரும் உள்நாட்டுக்குப் போகக் கூடாது என்ற நிலை வந்தது. லெஸ்போஸின் மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்கானது. 2020 தொடக்கத்தில் அங்கே ஒலிவ மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் துருக்கி வாசலைத் திறந்துவிட்டு ஐரோப்பாவை மிரட்டியது. கிரீஸ் ஒரு மாதத்துக்குத் தஞ்ச மனுக்களையே நிறுத்திவைத்தது. செப்டம்பரில் மோரியா எரிந்து சாம்பலானது; 12,000 பேர் தெருவில் கிடந்தார்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறுத்தவர், தெருவில் போகிறவரிடம் சாவியைக் கொடுத்ததற்கு ஒப்பானது இது.

நமக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு

1996 கிறிஸ்துமஸ் இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே, பெரிய கப்பலிலிருந்து சிறிய படகுக்கு மாற்றப்பட்ட மக்கள் மூழ்கினார்கள். குறைந்தது 283 பேர். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைத் தமிழர்கள். தப்பியவர்கள் கிரீஸில் கரையேறி நடந்ததைச் சொன்னார்கள். கதை என்று ஒதுக்கப்பட்டது. சிசிலியின் தென்முனையில் போர்ட்டோபாலோ மீனவர்களின் வலைகளில் உடல்கள் வந்தன. விசாரணை என்று வந்தால் தொழில் நின்றுவிடும் என்று பயந்து உடல்களை மீண்டும் கடலிலேயே விட்டார்கள். பல ஆண்டு கழித்து ஒரு மீனவரின் வலையில் ஓர் உடுப்பு வந்தது. அதன் பையில் பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டை. ஈழத்தைச் சேர்ந்த பதினேழு வயது இளைஞனுடையது. அந்த மீனவர் அதைத் திரும்ப எறியவில்லை. லா ரெபூப்ளிகா நாளிதழின் செய்தியாளர் ஜொவான்னி மரியா பெல்லு 2001இல் கடலடியில் படகைக் கண்டு படம்பிடித்தார். அதன்பிறகே அந்தச் சாவுகள் நடந்தன என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது.

யாருடைய கடல், யாருடைய பொறுப்பு என்று ஒவ்வொருவரும் மற்றவர் பக்கம் கைகாட்டும்போது, நடுவில் மூழ்குகிறவர் மறைந்தேபோகிறார் என்பதை நமக்கு அந்த அட்டை சொல்லித் தந்திருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவின் இந்த வழக்கில் தமிழ் வாசகர் வேடிக்கை பார்ப்பவராக இருக்க முடியாது என்கிறேன்.

2024இல் ஒன்றியம் புதிய குடியேற்ற, தஞ்ச உடன்பாட்டை நிறைவேற்றியது. 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வரும்படி வகுத்தது. ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பேரைப் பகிர்வது, ஏற்க மறுக்கும் நாடு தலைக்கு 20,000 யூரோ தருவது என்று அதில் இருக்கிறது. பகிர்வு நிலையான கடமை என்று முதன்முறையாக எழுதிவைத்ததை வரவேற்கிறேன். ஆனால் முறையற்ற வழியில் நுழைந்தவருக்கான முதல் நாட்டின் பொறுப்புக் காலத்தை 12 மாதத்திலிருந்து 20 மாதமாக அதே உடன்பாடு நீட்டியிருக்கிறது. வாசற்படியின் பாரத்தை ஒரு கையால் குறைத்து மறு கையால் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு நீங்கும்வரை டப்ளின் சாகாது.

பகிர்வு தோற்றது என்று இனி யாரேனும் சொன்னால், அவரிடம் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். 1956இல் ஹங்கேரியர்களைப் பகிர்ந்து ஏற்றுக்கொண்டவை 37 நாடுகள். 2015இன் பகிர்வுத் திட்டத்தில் ஹங்கேரிக்கு ஒதுக்கப்பட்டவர்கள் 1,294 பேர். அது ஏற்றுக்கொண்டது ஒருவரைக்கூட இல்லை.